எஸ். ஜோசபின் பேக்கர்: நலமாக இருக்கும் குழந்தையைத் தேடிச் சென்ற மருத்துவர்

பிறந்த குழந்தையின் விவரங்களும் வீட்டு முகவரியும் அரசுப் பதிவேட்டில் ஏற்றப்படுவது எதற்காக என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? பள்ளிச் சேர்க்கைக்கும் பிற அரசுச் சேவைகளுக்கும் சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதே பெரும்பாலோர் தரும் விடை. சுகாதாரத் துறையில் பணியாற்றுவோருக்கு அப்பதிவேடு வேறொரு செய்தியையும் தருகிறது. எந்த வீட்டுக்கு, எந்த நாளில், எந்த அறிவுரையோடு செல்ல வேண்டும் என்பதை அதிலிருந்து அறியலாம். பதிவேட்டின் இந்தப் பயனை ஒரு பெருநகரம் முழுவதற்குமான நிருவாக முறையாக மாற்றிக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர், அமெரிக்காவின் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர் (1873–1945).

'டைபாய்டு மேரி' என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், பேக்கரைப் பற்றியும் ஓரிரு வரிகள் படித்திருக்கக்கூடும். அந்நிகழ்ச்சி அவருடைய பணி வாழ்வில் ஒரு சிறு பகுதியே. இக்கட்டுரை பெரிதும் அவருடைய பணியின் முதல் பத்தாண்டுகளைப் பற்றியது.

இளமையும் கல்வியும்

பேக்கர் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள பொகீப்சி என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று பிறந்தார். தந்தை வழக்கறிஞர். வசதியான குடும்பம். உள்ளூரிலேயே இருந்த வாசர் கல்லூரியில் மகள் படிக்க வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணமாக இருந்தது. ஆனால் அவருக்குப் பதினாறு வயது ஆகியிருந்தபோது இளைய சகோதரரும், அடுத்த சில மாதங்களில் தந்தையும் இறந்தனர். தந்தையின் உயிரைப் பறித்தது டைபாய்டு காய்ச்சல். தாயையும் சகோதரியையும் காக்கும் பொறுப்பு தம்மீது விழுந்ததை உணர்ந்த அவர், கல்லூரிக் கனவைக் கைவிட்டு மருத்துவம் பயில முடிவு செய்தார். பெண் மருத்துவராவதை உறவினர்கள் எளிதில் ஏற்கவில்லை.

எலிசபெத் பிளாக்வெல் நிறுவிய, பெண்களுக்கான நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். 1898இல் பதினெட்டுப் பேர் கொண்ட வகுப்பில் இரண்டாமிடம் பெற்றுத் தேறினார். அப்படிப்பில் அவர் தோல்வியுற்ற பாடம் ஒன்றே ஒன்று. மருத்துவர் ஆனி ஸ்டர்ஜஸ் டேனியல் நடத்திய, இயல்பான குழந்தையைப் பற்றிய பாடம் அது. நோயுற்ற குழந்தையைப் பற்றியே மருத்துவக் கல்வி பேசிய காலத்தில், நலமாக உள்ள குழந்தை எப்படி வளர்கிறது, எவ்வளவு உறங்குகிறது, எதை உண்கிறது என்பதற்கென ஒரு பாடமா என்று அவர் அலட்சியமாக இருந்துவிட்டார். தோற்றதால் மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அப்பாடம் அவரை ஈர்த்தது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் விதை அதில்தான் விழுந்தது என்று அவரே தம் தன்வரலாற்றில் கூறுகிறார்.

பாஸ்டன் நகரில் பெண்களும் குழந்தைகளும் சிகிச்சை பெற்ற மருத்துவமனையொன்றில் ஓராண்டு பயிற்சி பெற்றபின், நியூயார்க்கில் சொந்தமாக மருத்துவத் தொழில் தொடங்கினார். முதலாண்டில் கிடைத்த வருமானம் 185 டாலர். அதைக் கொண்டு வாழ இயலவில்லை. 1901இல் அரசுப் பணித் தேர்வு எழுதி, நகரச் சுகாதாரத் துறையில் பகுதிநேர மருத்துவ ஆய்வாளராகச் சேர்ந்தார். மாத ஊதியம் 30 டாலர். பொதுச் சுகாதாரத்தின்மீது கொண்ட பற்றினால் அவர் இத்துறைக்கு வந்தார் என்று எழுதினால் அது அழகாக இருக்கும். ஆனால் உண்மை அதுவன்று. வாடகைக்குப் பணம் தேவைப்பட்டதே காரணம்.

மாடிப்படிகளில் கற்றவை

அக்காலத்து நியூயார்க் சுகாதாரத் துறை சோம்பலிலும் அரசியல் தலையீட்டிலும் மூழ்கிக் கிடந்தது. ஆய்வாளர் பலர் பள்ளிக்குச் செல்லாமலேயே சென்றதாக அறிக்கை அளித்தனர். பேக்கர் நேரில் சென்றார். நள்ளிரவுக்குப் பிறகு ஆண்கள் தங்கும் மலிவு விடுதிகளுக்குச் சென்று, உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிப் பெரியம்மைத் தடுப்பூசி போடும் வேலையும் அவருக்குத் தரப்பட்டது.

1902ஆம் ஆண்டுக் கோடையில் அவரை ஹெல்ஸ் கிச்சன் என்னும் பகுதிக்கு அனுப்பினர். அடுக்குக் குடியிருப்புகளில் ஏறி, நோயுற்ற பச்சிளங்குழந்தைகளைக் கண்டறிவதே பணி. அக்கோடைக் காலங்களில் நகரில் வாரந்தோறும் சுமார் 1,500 குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்ததாக அவர் எழுதுகிறார்.

இவ்விடத்தில் அந்நோயைப் பற்றிச் சிறிது விளக்குவது தேவை. கறந்த பால் தொலைவிலுள்ள பண்ணைகளிலிருந்து வந்தது. குளிர்பதன வசதி மிகக் குறைவு. கடைகளில் திறந்த பாத்திரங்களிலிருந்து அகப்பையால் மொண்டு விற்றனர். வெப்பம் மிகுந்த நாளில் அந்தப் பாலில் கிருமிகள் சில மணி நேரத்தில் பல மடங்காகப் பெருகிவிடும். வேலைக்குச் செல்லும் தாயின் குழந்தை புட்டிப்பாலை நம்பி வாழ்ந்தது. வயிற்றுப்போக்கு தொடங்கினால் குழந்தையின் உடலிலுள்ள நீரும் உப்பும் விரைந்து வெளியேறும். எடை குறைந்த உடலில் சேமிப்பு ஏது? ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடும். இன்று எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் உங்களுக்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது 1970களில்தான். ஆகவே 1902இல் படியேறிச் சென்ற மருத்துவரின் பையில், ஏற்கெனவே துவண்டுவிட்ட குழந்தைக்குக் கொடுக்கத் தக்க மருந்து எதுவும் இல்லை. (இன்று உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தொடர்ந்து கொடுங்கள். துத்தநாக மாத்திரை பற்றிச் செவிலியரிடம் கேளுங்கள். குழந்தை சோர்ந்துபோனாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.)

ஒவ்வொரு நாளும் இறக்கும் குழந்தைகளைப் பார்த்துவிட்டு இறங்கி வரும் வேலையைப் பேக்கர் வெறுத்தார். தாய்மார்களோ அதை விதி என்று ஏற்றிருந்தனர். கோடை வந்தால் குழந்தைகள் சாகும், அவ்வளவுதான். அவர்களைப் பற்றித் தன்வரலாற்றில் பேக்கர் எழுதியுள்ள சில பகுதிகளில் ஏழைகள் மீதும் குடியேறியவர்கள் மீதும் அக்காலத்து மேல்தட்டினர் கொண்டிருந்த ஏளனம் தெரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் படிகளில் அவர் கற்றுக்கொண்டது ஏளனத்தை அன்று. நோயுற்ற குழந்தையைத் தேடுவதால் பயனில்லை, நோய் வருமுன் செல்ல வேண்டும் என்பதையே அவர் கற்றார்.

மேரி மாலனும் சொல்லப்படாத விளக்கமும்

1907இல் அவர் சுகாதார ஆணையரின் உதவியாளராக இருந்தார். அவ்வாண்டு, சமையற்காரப் பெண்ணான மேரி மாலனிடமிருந்து பரிசோதனைக்கு இரத்தமும் சிறுநீரும் பெற்று வருமாறு அவரை அனுப்பினர். மேரி வேலை செய்த வீடுகளில் தொடர்ந்து டைபாய்டு வந்ததை ஜார்ஜ் சோப்பர் என்ற பொறியாளர் முன்னரே கண்டறிந்திருந்தார். மேரிக்கோ எந்த நோயும் இல்லை. நலமாக உள்ள ஒருவர் தம் உடலில் கிருமியைச் சுமந்து பிறருக்குப் பரப்பக்கூடும் என்பது மருத்துவர்களுக்கே புதிய செய்தியாக இருந்த காலம் அது. மேரி மறுத்தார். அடுத்த நாள் பேக்கர் காவலர்களுடன் சென்றார். பல மணி நேரத் தேடலுக்குப் பின், ஒரு சிறு அறையில் ஒளிந்திருந்த மேரி பிடிபட்டார். மருத்துவமனைக்குச் செல்லும் வழி நெடுகிலும் ஆம்புலன்ஸ் வண்டியில் மேரியின்மேல் உட்கார்ந்தபடியே பேக்கர் சென்றார்.

சட்டத்தின் கண்ணில் அது வெற்றி. நோயைப் பற்றிய செய்தியைக் கொண்டுசேர்க்கும் பணியாக அதைப் பார்த்தால் முழுத் தோல்வி என்றே நான் கருதுகிறேன். தம்மால் பிறருக்கு நோய் வருகிறது என்பதை மேரி இறுதிவரை நம்பவில்லை. 1910இல் விடுவிக்கப்பட்டவர், வேறு பெயரில் மீண்டும் சமையல் வேலைக்குச் சென்றார். 1915இல் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் சமையலறையில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். 1938இல் இறக்கும் வரை தனிமைத் தீவில் வாழ்ந்தார். மேரியின் பக்கத்தையும் மதிக்கக் கற்றுக்கொண்டதாகப் பேக்கர் பின்னாளில் எழுதினார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவர் தொடங்கிய திட்டத்தில் காவலர் எவரும் இல்லை என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்ளலாம்.

1908ஆம் ஆண்டுக் கோடை

அவ்வாண்டு பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடப்பட்டபோது, பள்ளிச் செவிலியர் சுமார் 30 பேர் வேலையின்றி இருந்தனர். அவர்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு பேக்கர் கேட்டார். புதிய நிதி எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஊதியம் பெறும் ஊழியர்களை, அவர்கள் சும்மா இருக்கும் பருவத்தில், மிகுதியாகத் தேவைப்படும் இடத்துக்கு மாற்றுவதே அவருடைய கோரிக்கை. அரசு அலுவலகத்தில் பணியாற்றிய எவருக்கும் இதன் சாமர்த்தியம் உடனே விளங்கும்.

நகரின் கிழக்குப் பகுதியில், பெரும்பாலும் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் வாழ்ந்த நெரிசலான வட்டாரம் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அவ்வட்டாரத்தின் புதிய பிறப்புகளின் பட்டியல் வரும். மறுநாளே ஒரு செவிலியர் அந்த வீட்டின் கதவைத் தட்டுவார். குழந்தை நலமாக இருக்கும். தாய் வியப்படைவாள், நோயில்லாத வீட்டுக்குச் செவிலியர் ஏன் வருகிறார்?

அவர்கள் சொன்ன செய்தி மிகவும் எளியது. இயன்றவரை தாய்ப்பாலே கொடுங்கள். கோடையில் குழந்தையைத் துணிகளால் இறுகச் சுற்றாதீர்கள். நாள்தோறும் குளிப்பாட்டுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். மாலையில் பூங்காவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். புதுமை இவற்றில் இல்லை. அறிவுரை வந்து சேர்ந்த நாளிலும் அதைக் கொண்டு வந்த ஆளிலும் இருந்தது புதுமை. சுவரொட்டியும் துண்டறிக்கையும் அதற்கு முன்னரும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத, ஆங்கிலம் அறியாத தாய்க்கு அவற்றால் என்ன பயன்? செவிலியரோ குழந்தையைத் தம் கைகளில் வாங்கிக் குளிப்பாட்டிக் காட்டினார். அடுத்த வாரம் மீண்டும் வந்தார். தாய் கேட்காமல் விட்டதை மறுபடியும் சொன்னார்.

கோடை முடிந்தபோது கணக்குப் பார்க்கப்பட்டது. நகரின் மற்றப் பகுதிகளில் இறப்புகள் வழக்கம்போல் இருந்தன. அந்த ஒரு வட்டாரத்தில் மட்டும், முந்தைய கோடையைவிட 1,200 இறப்புகள் குறைந்ததாகப் பேக்கர் பதிவு செய்துள்ளார். இன்றைய ஆய்வு முறையில் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. ஒரே ஒரு கோடை, ஒரே ஒரு வட்டாரம். என்றாலும் நகர நிருவாகம் அந்தக் கணக்கை ஏற்றது. அவ்வாண்டே குழந்தை நலப் பிரிவு தொடங்கப்பட்டு, பேக்கர் அதன் தலைவரானார். அரசு நிதியில் இயங்கிய இத்தகைய பிரிவு அமெரிக்காவில் அதுவே முதலாவது.

பிரிவின் தலைவராக

அவருக்குக் கீழே நியமிக்கப்பட்ட ஆண் மருத்துவர் ஆறு பேர், ஒரு பெண்ணின் கீழ்ப் பணியாற்ற மாட்டோம் என்று பதவி விலக முன்வந்தனர். பேக்கர் வாதாடவில்லை. ஒரு மாதம் இருந்து பாருங்கள், பிறகு விரும்பினால் செல்லுங்கள் என்றார். ஒரு மாதம் கழிந்தது, ஒருவரும் செல்லவில்லை. அவர் ஆண்களைப் போலவே தைத்த மேற்சட்டையும் விறைத்த கழுத்துப் பட்டியும் அணிந்தார். தாம் பெண் என்பது அலுவலகத்தில் எவர் நினைவுக்கும் வரக்கூடாது என்பது நோக்கம். கையெழுத்திலும் முதற்பெயரைச் சுருக்கியே எழுதினார். 

பிரிவு செய்தவற்றுள் மூன்றை இங்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது மருத்துவச்சிகள் பற்றியது. குடியேறிய பெண்கள் ஆண் மருத்துவரைப் பேறுகாலத்தில் அருகில் விடமாட்டார்கள். மருத்துவச்சிகளைத் தடை செய்ய வேண்டும் என்று மருத்துவர் பலர் முழங்கினர். தடை செய்தால் அண்டை வீட்டுப் பாட்டிதான் பிரசவம் பார்ப்பாள் என்பது பேக்கருக்குத் தெரியும். எனவே பயிற்சியும் உரிமமும் என்ற வழியை அவர் தேர்ந்தார். மருத்துவச்சிகளுக்கான பள்ளி பெல்வியூ மருத்துவமனையில் 1911இல் தொடங்கியது.

இரண்டாவது, கண் மருந்து. தாய்க்குக் கொனோரியா தொற்று இருந்தால் பிறக்கும் குழந்தையின் கண்கள் பார்வையிழக்கக்கூடும். சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து அதைத் தடுத்தது. ஆனால் புட்டியில் வைத்திருந்த மருந்து நாளடைவில் நீர் வற்றிச் செறிவு மிகுந்து, காக்க வேண்டிய கண்ணையே எரித்தது. சில புட்டிகளில் தூய்மையும் கெட்டிருந்தது. பேக்கர் தேன்மெழுகால் சிறு குப்பிகள் செய்வித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தைக்குப் போதுமான மருந்தை மட்டும் அடைத்தார். திறந்தால் ஒருமுறையே பயன்படும். கவனமாக இருங்கள் என்று ஆயிரம் மருத்துவச்சிகளிடம் சொல்வதைக் காட்டிலும், தவறு செய்ய இடமில்லாத பொருளை அவர்கள் கையில் கொடுப்பது மேலானது. இன்று ஒற்றை வேளை மருந்துக் குப்பியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மெழுகுக் குப்பிகள் நினைவுக்கு வருகின்றன. குழந்தைக்கு முன்பக்கம் திறக்கும் எளிய உடையை வடிவமைத்ததும் இதே மனப்போக்கே. அதன் தையல் மாதிரியை மெக்கால் நிறுவனம் விற்பனைக்கு வெளியிட்டது.

மூன்றாவது, சின்னத் தாய்மார் சங்கங்கள். தாய் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைச் சுமந்து திரிவது எட்டு, பத்து, பன்னிரண்டு வயது அக்காள்தான் என்பதை அக்குடியிருப்புகளில் எவரும் காணலாம். அச்சிறுமியைக் குறை கூறி அறிக்கை எழுதுவதற்குப் பதிலாக, பன்னிரண்டு வயதை எட்டிய சிறுமியரைப் பள்ளிகளில் கூட்டிக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்தார். ஆங்கிலம் அறியாத தாய்க்கு ஆங்கிலம் அறிந்த மகளே மொழிபெயர்ப்பாளர். சுகாதாரத் துறையின் செய்தி, ஊதியம் பெறாத அந்தச் சிறு தூதர்கள் வழியே தாய்மொழியில் சமையலறைக்குள் நுழைந்தது. சிறுமியர் தோளில் அவ்வளவு சுமை இருக்கலாமா என்று இன்று நாம் கேட்போம், கேட்பதும் சரியே. பேக்கர் அந்தச் சுமையை ஏற்றியவர் அல்லர். ஏற்கெனவே இருந்ததைக் கண்ணால் கண்டு அதற்கேற்ப நடந்தவர்.

எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்தும் வந்தது. புரூக்ளின் பகுதி மருத்துவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, இப்பிரிவை மூடுமாறு மேயருக்கு மனு அனுப்பினர். குழந்தைகள் நலமாகவே இருப்பதால் தங்கள் தொழில் நலிகிறது என்பது அவர்கள் குறை. தம் பணிக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாராட்டாக அதைப் பேக்கர் எடுத்துக்கொண்டார். பிரிவு மூடப்படவில்லை.

எண்களைப் பேச வைத்தவர்

செய்தித்தாள் நிருபர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பேக்கர் விரைவில் கற்றார். முதல் உலகப் போர் நடந்தபோது, அமெரிக்கா போரில் இறங்கியபின், பிரான்சு போர்முனையிலுள்ள அமெரிக்கப் படைவீரர்களில் இறப்போர் நூற்றுக்கு 4 பேர், நியூயார்க்கில் பிறக்கும் குழந்தைகளில் இறப்போர் நூற்றுக்கு 12 பேர் என்று ஒப்பிட்டுக் காட்டினார். கண்டிப்பான புள்ளியியலாளர் அந்த ஒப்பீட்டில் குறை காண்பார். ஆனால் ஆண்டுதோறும் அறிக்கைகளில் அச்சாகி எவரும் படிக்காமல் கிடந்த ஓர் எண், அன்று நகரத்தின் பேச்சாயிற்று. பொதுமக்களுக்கான இதழ்களில் அவர் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். தாய்மார், கைக்குழந்தைகள், சிறுவர் நலம் பற்றிய அவருடைய நூல்கள் மூன்று 1920இல் வெளிவந்தன.

நியூயார்க் பல்கலைக்கழகம் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியபோது, குழந்தை நலம் பற்றி விரிவுரையாற்ற அவரை அழைத்தது. அந்தப் பட்டத்துக்குத் தாமும் மாணவராகச் சேர விரும்புவதாக அவர் கூறினார். பெண்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. படிக்க அனுமதிக்காத இடத்தில் கற்பிக்க இயலாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். வேறு விரிவுரையாளரைத் தேடிக் கிடைக்காமல் போகவே பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. 1917இல் அவர் பட்டம் பெற்றார். அங்குப் பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தினார். முதல் வகுப்பில் மாணவர்கள் கேலியாகக் கைதட்டியபோது அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, அமைதி திரும்பியதும் பாடத்தைத் தொடங்கினாராம்.

1908இல் நியூயார்க்கில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்குச் சுமார் 144 என்றிருந்த சிசு மரண விகிதம், 1923இல் அவர் ஓய்வுபெற்றபோது 66 ஆகக் குறைந்திருந்தது. இதனை ஒருவர் சாதனையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. நேதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் 1893 முதலே ஏழைக் குழந்தைகளுக்குப் பாஸ்டரைஸ் செய்த பாலை வழங்கி வந்தார். பின்னர் நகருக்கு வரும் பால் பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்யப்பட்டது. குடிநீரும் கழிவுநீர் வசதியும் மேம்பட்டன. பேக்கரின் பிரிவு அமைத்த பால் நிலையங்களும் வீட்டுக்கு வந்த செவிலியரும் இவற்றோடு சேர்ந்தே பயன் தந்தனர்.

சில காலம் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரக் குழுவில் அமெரிக்கா சார்பில் இடம்பெற்றார். 1939இல் தன்வரலாறு வெளியாயிற்று. 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் காலமானார். பொகீப்சியில் அவர் பிறந்த ஆண்டுகளில் பிறப்புப் பதிவு அமெரிக்காவின் பல பகுதிகளில் முறையாக நடைபெறவில்லை. அவர் ஓய்வுபெற்றபோது, நாட்டின் மாநிலங்கள் அனைத்திலும் குழந்தை நலத்துக்கென ஓர் அரசுப் பிரிவு ஏற்பட்டிருந்ததாக அவர் குறிப்பிடுகிறார்.